இடித்தது அவர், பதிவு என் பெயரிலா?

கேள்வி: இன்சூரன்ஸ் இல்லாத பக்கி (பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டி) ஒன்று என் காரைப் பின்னால் இடித்தது. என் பாலிசியில் பழுது பார்த்தேன். புதிய கம்பெனி என் பழைய கிளெய்மைக் காட்டி பிரீமியத்தைக் கூட்டுகிறது. நியாயமா? (வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்)

பதில்: அந்தக் கிளெய்ம் பதிவு யார் தப்பு என்பதன் தீர்ப்பு அல்ல, பணம் கொடுக்கப்பட்டதன் கணக்கு. தென்னாப்பிரிக்காவில் கார் இன்சூரன்ஸ் கட்டாயமில்லை. பெட்ரோல் வரியில் ஓடும் சாலை விபத்து நிதி உடல் காயத்துக்குத்தான் ஈடு தரும், நசுங்கிய பம்பருக்குத் தராது. அதனால்தான் செலவு உங்கள் கம்பெனியின் தலையில் விழுந்தது.

கொடுத்ததைப் பழைய கம்பெனி பக்கிக்காரரிடம் உங்கள் பெயரிலேயே திரும்பக் கேட்கலாம். வந்ததா என்று விசாரியுங்கள். பழைய கம்பெனியிடம் விபத்துத் தேதி, கொடுத்த தொகை, மீட்ட தொகை, தப்பு யார் மேல் என்ற நான்கும் உள்ள கடிதம் வாங்கி, புதிய கம்பெனிக்கு அனுப்புங்கள். முழுதும் மீட்டும் பதிவில் ஏறவில்லை என்றால் திருத்தச் சொல்லுங்கள். கிளெய்மை மட்டும் மறைக்காதீர்கள்; அடுத்த விபத்தில் அதையே சாக்காக வைத்துக் கையை விரிப்பார்கள்.

பழுதுச் செலவில் உங்கள் பங்காகக் கையிலிருந்து கட்டிய எக்செஸ்? 20,000 ராண்ட் வரை சிறு வழக்கு மன்றத்தில் வக்கீல் இல்லாமலே கேட்கலாம். கெடு பொதுவாக 3 ஆண்டு. ஆனால் முதலில் பழைய கம்பெனியைக் கேளுங்கள், அதுவும் வழக்குப் போடுகிறதா என்று. ஒரே சேதத்தைத் துண்டு போட்டு இரண்டு வழக்காக்கினால், பின்னால் வருவது அடிபட்டுப் போகலாம். போலீஸ் கேஸ் நம்பரும் பக்கியின் முன்கண்ணாடியில் ஒட்டிய லைசென்ஸ் டிஸ்க் (உரிம வில்லை) படமும் இல்லாவிட்டால் ஆளைப் பிடிப்பதே பாடு.