தாண் கோத்திரத்தை வரைபடத்தில் எங்கே குறிப்பது?

கேள்வி: வேதாகம வகுப்புக்குப் பன்னிரண்டு கோத்திரங்களின் சுவர் வரைபடம் வரைகிறேன். ஒரு அட்லஸில் தாண் யாப்போ பக்கம் இருக்கிறது, இன்னொன்றில் எர்மோன் மலையடியில். எது சரி? தாண் மக்கள் கடல்வழி வந்த அந்நியர்கள் என்கிறார்களே, அதையும் எழுதலாமா?

பதில்: இரண்டு இடமும் சரிதான். இரண்டையும் ஒரே நிறத்தில், ஒரே அழுத்தத்தில் தீட்டினால்தான் தப்பாகிவிடும்.

தெற்கிலிருந்து தொடங்குங்கள். யோசுவா 19:40-48 தாணுக்கு ஊர்ப் பட்டியல் மட்டுமே தருகிறது. யூதாவுக்குச் சொல்வதுபோல எல்லை எங்கே திரும்பி எங்கே போகிறது என்ற விவரம் அதில் இல்லை. அட்லஸில் நீங்கள் பார்ப்பது, அண்டைக் கோத்திரங்களின் எல்லைகளைப் போட்டபின் மிஞ்சிய நிலம். அதனால் புள்ளிக்கோடு போதும். எருசலேமுக்கு மேற்கே 20 கி.மீ.க்குச் சற்று அதிகத் தொலைவில், சோரேக் பள்ளத்தாக்குக்கு வடக்கேயுள்ள மேட்டில் சோராவையும் எஸ்தாவோலையும் முதலில் குறியுங்கள். சிம்சோனின் ஊர்ப்பக்கம் இதுதான். இங்கே மட்டும் முழு நிறம் தீட்டலாம்.

மேற்கே போகப் போகச் சிக்கல். எக்ரோன் தாண் பட்டியலிலும் இருக்கிறது, யூதா பட்டியலிலும் (15:45) இருக்கிறது. ஆனால் அங்கே, டெல் மிக்னேயில், தோண்டியபோது வெளிவந்தது பெலிஸ்தர் நகரம். எமோரியர் தாண் மக்களைப் பள்ளத்தாக்கில் இறங்கவிடாமல் மலைக்கு நெருக்கினார்கள் என்று நியாயாதிபதிகள் 1:34-உம் சொல்கிறது. உரிமை கோரினார்கள், கைக்கு வரவில்லை. ஆகவே அந்தப் பகுதிக்குச் சாய்கோடுகள் போடுங்கள். யாப்போவையும் உள்ளே இழுக்காதீர்கள். யோசுவா 19:46 அதற்கு எதிரே உள்ள எல்லையைத்தான் குறிப்பிடுகிறது.

வடக்கே 170 கி.மீ.க்கு மேல் ஓர் அம்புக்குறி போகட்டும். சோரா, எஸ்தாவோலிலிருந்து ஆயுதம் தரித்த 600 பேர் போய் லாயீசைப் பிடித்து, அதற்குத் தாண் என்று பெயரிட்டதாக நியாயாதிபதிகள் 18 கூறுகிறது. இன்றைய டெல் தான் மேடுதான் அந்த ஊர். யோர்தானின் ஊற்றுகளில் ஒன்று அங்கேதான் பொங்குகிறது. ஒரு நகரமும் அதன் சுற்றுப்புறமும் மட்டும்தான் என்பதால் சின்ன வட்டம் போதும். அதைப் பெரிதாக்கினால் நப்தலியின் நிலத்தை விழுங்கிவிடும்.

பூர்வீகம் பற்றி: மூன்றாம் ராம்செஸின் 8-ஆம் ஆட்சியாண்டு எகிப்தியக் கல்வெட்டில் கடல்வழி வந்த கூட்டங்களில் ஒன்றாக தெனியென் வருகிறது. தாண் கோத்திரம் அவர்களே என்று இஸ்ரேலியத் தொல்லியலாளர் யிகாயேல் யாதீன் 1960-களில் வாதிட்டார். தாண் ஏன் கப்பல்களில் தங்கினான் என்று தெபொராளின் பாட்டு (நியாயாதிபதிகள் 5:17) கேட்பது அவருக்குப் பெரிய சான்று. ஆனால் துறைமுகத்தில் கூலிக்குப் போனவர்களையும் அப்படிச் சொல்லலாமே! டெல் தானில் கிடைத்த மைசீனிய (பண்டைய கிரேக்க) பானைகள் நிறைந்த கல்லறையையும் இதற்குத் துணையாகக் காட்டுவதுண்டு. அது அந்தக் கடல் படையெடுப்புக்கு முந்தியது. அப்படிப்பட்ட பானைகள் அக்காலத்தில் கானான் முழுக்க இறக்குமதியாயின. தெனியென் என்று பலர் கருதும் தனுனா மக்களோ தென்கிழக்குத் துருக்கியின் அதானா சமவெளியில் பிற்காலத்திலும் வாழ்ந்ததைக் கராதெபே கல்வெட்டு காட்டுகிறது. பெயர் ஒற்றுமையை மட்டும் நம்பி இந்தக் கருத்தை வரைபடத்தில் ஏற்ற வேண்டாம். யாராவது கேட்டால் வாயால் விளக்கலாம்.

ஆபிரகாம் காலத்து வரைபடமும் போடுவதானால், ஆதியாகமம் 14:14 தாண் என்று சொன்னாலும் அங்கே லாயீஸ் என்றே எழுதி, பிற்காலப் பெயரைச் சிறிய எழுத்தில் பக்கத்தில் சேருங்கள்.