அம்மோனைட் ஃபாசில்ல "புது இனம்"னு சொல்றாங்களே, அதுல ஹோலோடைப்னா என்ன?

புது இனத்துக்குப் பேர் வைக்கும்போது "இந்தப் பேர் இதுக்குத்தான்"னு கை காட்டுற ஒரே ஒரு மாதிரிதான் ஹோலோடைப். பேங்க்ல நம்ம கையெழுத்தை வாங்கி வச்சுக்கிட்டு அப்புறம் வர்ற ஒவ்வொரு செக்கையும் அதோட ஒப்பிட்டுப் பாப்பாங்கல்ல, அதே வேலைதான், அதனாலதான் நம்பர் போட்டு மியூசியத்துல பத்திரமா வைக்கிறது. 1999க்கு அப்புறம் வெளியாகுற புது இனப் பேருக்கு இப்படி அடையாள மாதிரி (டைப்) எதுன்னு காட்டலைன்னா பேரே செல்லாது.

அம்மோனைட்ல இது இன்னும் முக்கியம், ஏன்னா அம்மோனைட் (கணவாயோட தூரத்து சொந்தம், சுமார் 6.6 கோடி வருஷம் முன்னாடி அழிஞ்சிடுச்சு) விட்டுட்டுப் போனது பெரும்பாலும் சுருண்ட ஓடு மட்டும்தான். எத்தனை சுத்து, நடுக்குழி எவ்வளவு அகலம், மேல இருக்கிற வரி கிளை விடுதா, எல்லாத்தையும் அளக்கணும். என்னைக் கேட்டா அழகே சூச்சர் கோடுதான், உள்ளறைச் சுவர் ஓட்டைத் தொடுற இடம் அது, மேல் ஓடு உரிஞ்ச ஃபாசில்ல சுருள் சுருளான இலை ஓரம் மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு தெரியும். இதுலயும் ஏமாந்திருக்காங்க, ஒரே இனத்தோட ஆணும் பெண்ணும் வேற வேற சைஸ்ல இருந்ததால ரெண்டு இனமா பேர் வச்ச கதையும் உண்டு!

ஹோலோடைப்னா இருக்கறதுலயே முழுசான, அழகான பீஸ்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, ஓரம் உடைஞ்ச துண்டா கூட இருக்கலாம்.