ஒதுக்கீடு வந்தது, பணம் வரவில்லை

திருகோணமலை மாவட்டத்தில் ஒரு கல்வி அலுவலகத்தின் கணக்குப் பகுதியில் 29 ஆண்டுகள் கோப்புப் புரட்டியவன் நான். வரவு செலவுத் திட்டத்தில் பாடசாலைகளுக்குக் கூடியதா, குறைந்ததா என்ற சண்டையைப் பற்றி வந்த கேள்விகளில் சில இவை.

உவர்மலை, ஒரு தந்தை: ஐயா, கூட்டினோம் என்கிறது அரசு; வெட்டிவிட்டார்கள் என்கிறது எதிர்க்கட்சி. யாரை நம்புவது?

இருவரையும் நம்பலாம். அரசு ரூபாயில் எண்ணுகிறது. ரூபாய்த் தொகை ஏறியிருக்கிறது. எதிர்க்கட்சி, கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் எங்கே என்று கேட்கிறது. 2012 இல் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்ததும் இந்த 6 சதவீதத்துக்குத்தான். இன்றைய ஆளும் தரப்பும் தேர்தலில் அதைச் சொல்லியே வந்தது. நாம் நிற்பதோ 2 சதவீதத்தை ஒட்டி. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. பிறகு வேகம் தணிந்தது, ஏறிய விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை. பழைய தொகையை அப்படியே கொடுத்தால் அதுவும் வெட்டுத்தான்.

மூதூர், ஓர் அதிபர்: ஒதுக்கீட்டுக் கடிதம் கையில் இருக்கிறது. பணத்தைக் காணவில்லையே?

உங்கள் கேள்விதான் எல்லாவற்றிலும் பெரியது, சேர். ஒதுக்கீடு என்பது செலவழிக்கலாம் என்ற அனுமதி மட்டுமே. காசு திறைசேரியிலிருந்து கட்டுநிதியாக, அதாவது செலவுக்கென்று முன்கூட்டி விடும் காசாக, தவணை தவணையாக மாகாணத்துக்கு வர வேண்டும். வந்ததில் சம்பளம் முதலில் போகும். அதில் கைவைக்க எந்த அரசுக்கும் துணிவில்லை. திறைசேரி கையை இறுக்கினால் நின்றுபோவது கற்பித்தல் பொருட்கள் வாங்கத் தரும் தர உள்ளீட்டு நிதி, கூரைத் திருத்தம், மலசலகூடம். நான் இருந்த காலத்தில் டிசெம்பர் கடைசி வாரம் மேசை நிறையக் காசு கொடுபடாத பற்றுச்சீட்டு குவிந்து கிடக்கும். வெண்கட்டியும் போட்டோக்கொப்பித் தாளும் கடனுக்குக் கொடுத்த கடைக்காரர் வாசலில் வந்து நிற்பார், முகம் பார்க்கக் கூச்சமாக இருக்கும். 31 ஆம் திகதி தாண்டினால் அந்த ஆண்டின் ஒதுக்கீடு காலாவதி. கடன் மட்டும் அடுத்த ஆண்டின் தலையில். பாராளுமன்றத்தில் இதற்கு வெட்டு என்று பெயர் இல்லை.

கிண்ணியா, ஒரு தாய்: மின்விசிறிக்கு, சுத்திகரிப்புக்கு என்று பாடசாலையில் பணம் கேட்கிறார்கள். கட்டத்தான் வேண்டுமா?

கட்ட முடியாவிட்டால் சொல்லிவிடுங்கள், தங்கச்சி. அதற்காகப் பிள்ளையை வெளியே நிறுத்த முடியாது. அதிபரையும் திட்டாதீர்கள். மேலே நின்றுபோன பணம்தான் உங்கள் வாசலுக்குப் பற்றுச்சீட்டாக வருகிறது.

நிலாவெளி, ஓர் இளைஞர்: மாகாண சபை இருந்தால் நிலைமை மாறுமா?

பணம் அப்போதும் கொழும்பிலிருந்துதான் வரும், தம்பி. எந்த மாகாணத்துக்கு எவ்வளவு என்று நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்யும், திறைசேரி விடுவிக்கும். ஆனால் நாட்டின் பத்தாயிரம் பாடசாலைகளில் மத்திய கல்வி அமைச்சின் கீழுள்ள தேசியப் பாடசாலைகள் 400 கூட இல்லை, மற்றவை மாகாணங்களின் பொறுப்பு. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநர் ஆட்சி. ஏன் பணம் வரவில்லை என்று எழுந்து கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லை.

ஈச்சிலம்பற்று, ஓர் ஆசிரியை: பிள்ளைகள் குறைந்த பாடசாலைகளை மூடிவிடுவார்களோ?

பயப்படக் காரணம் உண்டு. தர உள்ளீட்டு நிதியில் மாணவர் தொகைதான் பெரிய அளவுகோல். நாற்பது பிள்ளை படிக்கும் பாடசாலைக்குக் கிடைப்பது சொற்பம்; கூரை ஒழுகுவதோ நானூறு பிள்ளைக்கு ஒழுகுவதுபோலத்தான். கொழும்பில் அடுத்த பாடசாலை ஒரு சந்தி தள்ளி இருக்கும். உங்கள் பக்கம் ஆறும் யானையும் பஸ் இல்லாத வீதியும்.

சாம்பல்தீவு, பெற்றோர் ஒருவர்: நாங்கள் என்ன செய்யலாம்?

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வலயக் கல்வி அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். "எவ்வளவு ஒதுக்கினீர்கள்" என்று மட்டும் கேட்டால் அழகான தொகை ஒன்று வரும். எவ்வளவு கட்டுநிதி கிடைத்தது, எந்தத் திகதியில், ஆண்டிறுதியில் கொடுபடாத பற்றுச்சீட்டு எத்தனை என்றும் சேர்த்து எழுதுங்கள்.