டிரே டிரையர்: சூட்டைக் கூட்டினால் சரியாகிவிடுமா?

கேள்வி: எங்கள் யூனிட்டில் 48 தட்டு டிரே டிரையர் (தட்டுகளில் பரப்பிய சரக்கைச் சூடான காற்றால் காயவைக்கும் பெட்டி) ஓடுகிறது. சில தட்டுகளில் குருணை (பொடியை ஈரமாகப் பிசைந்து செய்த சிறு மணிகள்) நன்றாகக் காய்ந்துவிடுகிறது, சிலவற்றில் ஈரம் அப்படியே நிற்கிறது. மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் கட்டியை உடைத்தால் உள்ளே பிசுபிசுப்பு. 60 டிகிரியை 80 ஆக்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். சூட்டைத் திடீரென்று ஏற்றினால் மேல்பரப்பு மட்டும் இறுகிப்போய், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். நீங்கள் சொல்லும் பிசுபிசுப்பும் அந்த ரகம்தான் என்று தோன்றுகிறது.

டிரையரில் சூடு பாதி வேலைதான், மீதி காற்றுடையது. ஹீட்டரில் சூடான காற்றை விசிறி தட்டுகளின் மேல் ஓட்டுகிறது, அது ஈரத்தை வாங்கிக்கொள்கிறது, எரிபொருள் மிச்சமாகட்டும் என்று அதில் பெரும்பங்கை மறுபடி உள்ளேயே சுற்றவிட்டு, கொஞ்சத்தை மட்டும் டாம்பர் (காற்றுப் போக்கைக் கூட்டிக் குறைக்கும் மடல்) வழியாக வெளியே தள்ளி அந்த அளவுக்குப் புதுக்காற்றை எடுக்கிறோம். டாம்பரை மூடியே வைத்திருந்தால் ஈரக்காற்றே சுற்றிச்சுற்றி வரும், எத்தனை டிகிரி வைத்தாலும் பெரிதாகப் பலன் இருக்காது. ஓட்டத்தின் நடுவில் கதவைத் திறந்து பாருங்கள், உட்பக்கம் நீர் முத்து முத்தாக நின்றால் முதல் சந்தேகம் டாம்பர் மேல்தான். தொடக்கத்தில் நன்றாகத் திறந்து வைத்து, ஈரம் குறையக் குறைய மூடிக்கொண்டே வாருங்கள்.

அடுத்தது கனம், அதாவது தட்டில் பரப்பும் சரக்கின் தடிமன். தட்டு நிறைய அள்ளிக் கொட்டுவது எல்லா இடத்திலும் நடக்கிற பேராசை! உள்ளிருந்து ஈரம் ஊறி வரவேண்டிய கட்டத்தில், கனத்தை இரட்டிப்பாக்கினால் நேரம் ஏறக்குறைய நாலு மடங்காகும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கனத்தில் சமமாகப் பரப்பி, நடுவில் ஒருமுறை கிளறிவிடுங்கள். காற்று நுழையும் பக்கத்துத் தட்டு முதலில் காய்வது இயல்பு, அதனால் பாதி நேரத்தில் தட்டுகளை இடம் மாற்றுங்கள்.

கேள்வி: காய்ந்துவிட்டது என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: கையால் தொட்டு அல்ல. மூலைத் தட்டு ஒன்று, நடுத்தட்டு ஒன்று, இரண்டையும் அவ்வப்போது எடை போடுங்கள், எடை குறைவது நின்றால் அந்தச் சூட்டில் போகக்கூடிய ஈரம் போய்விட்டது. குருணைக்குள் ஒரு வெப்பமானியைச் செருகி வைப்பதும் நல்லது. மேல்ஈரம் இருக்கும்வரை சரக்கு காற்றைவிடக் குளிர்ச்சியாகவே இருக்கும், அது சூடேறத் தொடங்கினால் மேல்ஈரம் தீர்ந்தது, இனி உள்ஈரம் மெதுவாகத்தான் வரும்.

அப்புறம், குருணையை ஆல்கஹால் போன்ற கரைப்பானில் பிசைந்திருந்தால் மேலே சொன்னது போதாது. ஆவி உள்ளே சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும், அதற்கென்றே வடிவமைத்த டிரையரில் மட்டும் போடுங்கள்.