1,500 வெள்ளிக்கு மழைநீர்த் தொட்டி: கட்டுப்படியாகுமா?

கேள்வி: தோட்டத்து லயத்தை விட்டு, சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தையில் (இப்போது பெஸ்தாரி ஜெயா) தாமான் வீட்டுக்கு வந்திருக்கிறோம். ஆறு பேர், பின்னால் காய்கறி போட்டிருக்கிறோம். பில்லில் மாதம் 45 கன மீட்டர் வருகிறது. 2,000 லிட்டர் மழைநீர்த் தொட்டி, கூரைப் பீலியோடு 1,500 வெள்ளி கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: போடுங்கள். ஆனால் முதலில் மீட்டரைப் பாருங்கள். எல்லாக் குழாயையும் மூடி ஒரு மணி நேரம் விடுங்கள். எண் நகர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் கழிவறைத் தொட்டிதான். அதில் கொஞ்சம் சாயம் கலந்து ஃபிளஷ் செய்யாமல் வையுங்கள். நிறம் கீழே இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பரை மாற்றுங்கள். ஒழுக்கை அடைக்காமல் தொட்டி வாங்குவது வீண் செலவு.

அப்புறம் கணக்கு. தண்ணீர்க் கட்டணம் படிப்படியாக ஏறும். 2024 பிப்ரவரிக்கு முன் சிலாங்கூரில் முதல் 20 கன மீட்டருக்கு 57 காசு வீதம், அடுத்த 15க்கு 1.03 வெள்ளி, அதற்கு மேல் 2 வெள்ளி. இப்போது கூடியிருக்கிறது. பழைய விலையிலேயே உங்கள் முதல் 20க்கு 11.40 வெள்ளி, கடைசி 10க்கு மட்டும் 20 வெள்ளி! மழைநீர் மிச்சப்படுத்துவது அந்தக் கடைசிப் பத்தைத்தான். ஆண்டுக்கு 240 வெள்ளி. ஆறேகால் வருடத்தில் போட்ட காசு வந்துவிடும், புதிய விலையில் இன்னும் சீக்கிரம். மாதம் 20க்குள் புழங்கும் வீட்டுக்கோ பழைய விலையில் இருபது வருடம் தாண்டும்.

மழை போதுமா? 60 சதுர மீட்டர் கூரையில் 40 மில்லிமீட்டர் பெய்தால் 2,400 லிட்டர். சிந்தியது போகத் தொட்டி ஏறக்குறைய நிறையும். மாதம் ஐந்து தடவை நிரப்பிக் காலி செய்தால் பத்துக் கன மீட்டர். நிரம்பியதைச் செடிக்கும் கழிவறைக்கும் உடனே செலவழித்தால்தான் அடுத்த மழைக்கு இடமிருக்கும். பெரிய தொட்டி வேண்டாம்.

பில்லில் தெரியாத லாபம் ஒன்று உண்டு. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆறு மாசுபட்டு நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றன. சுமார் 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லை. வயதானவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டில் அந்த நாட்கள் என்ன பாடு! தடை அறிவிப்பு வந்தால் செடிக்கு ஊற்றுவதை நிறுத்திக் கழிவறைக்கு மட்டும் வையுங்கள். நிறைந்த தொட்டி ஆறு பேருக்கு ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும்.

குடிக்க, சமைக்க வேண்டாம். ஒவ்வொரு மழையிலும் முதலில் கூரையைக் கழுவி வரும் நீரை வெளியே விடுங்கள். மூடி, குழாய் வாய் இரண்டிலும் நெருக்கமான வலை கட்டச் சொல்லுங்கள். ஏடிஸ் கொசுவுக்குச் சின்ன இடைவெளியே போதும்.