லமலேராவுக்கு ஓர் எஞ்சின்

அன்புள்ள அக்கா,

சுராபாயாவில் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறேன். விடுமுறையில் கிழக்கு இந்தோனேசியாவின் லெம்பாட்டா தீவின் தென்கரையில் இருக்கும் லமலேராவுக்குப் போய்வந்தேன். படகு முனையிலிருந்து ஈட்டியோடு திமிங்கலத்தின் மேல் பாயும் மீனவர்களைப் பார்க்கத்தான் போனேன். திமிங்கலம் வரவில்லை. ஆனால் நான் தங்கிய வீட்டை நினைத்து இன்னும் தூக்கம் வரவில்லை. ஒரு பாட்டி, ஓர் அம்மா, இரண்டு பெண் பிள்ளைகள். அப்பா மலேசியாவில், சபாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில். படித்தவர்கள் எல்லோரும் வெளியேறிவிட்டார்கள். இவ்வளவு பின்தங்கிய மக்களுக்கு என்ன எதிர்காலம்? திமிங்கலத்தைக் கொல்வதையும் என்னால் ஏற்கமுடியவில்லை. சுற்றுலாவை வளர்த்தால் சரியாகிவிடாதா? நண்பர்கள் சேர்ந்து அந்தக் குடும்பத்தின் படகுக்கு ஓர் எஞ்சின் வாங்கித் தரலாம் என்றிருக்கிறோம். உங்கள் கருத்து வேண்டும்.

எஸ்., சுராபாயா

அன்புள்ள எஸ்.,

லமலேரா என்ற பெயரைப் பார்த்ததும் மற்ற கடிதங்களை ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்தேன். நானும் அங்கே போயிருக்கிறேன். ஃப்ளோரஸ் தீவின் கிழக்குக் கோடியிலுள்ள லாரந்துகாவிலிருந்து படகில் லெம்பாட்டாவின் தலைநகர் லெவோலேபா, அங்கிருந்து எலும்பு கழன்றுவிடும்போல் லாரியில் தீவைக் குறுக்கே கடந்து தெற்கே. அந்தக் கரையைப் பற்றி எழுதவேண்டும் என்று கொஞ்ச நாளாகவே மனசு அரித்துக்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

அந்தப் பிள்ளைகளை நினைத்துத் தூக்கம் போனது என்கிறீர்களே, நல்ல மனசு உங்களுக்கு. அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் ‘பின்தங்கிய மக்கள்’ என்று எழுத எப்படிக் கை வந்தது? இந்தோனேசிய மாணவர்கள் இலக்கணமும் கட்டுரை எழுதவும் கற்ற பாடநூல்களை எழுதிய மொழியியலாளர் கோரிஸ் கெராஃப் 1936இல் அந்தக் கரையில் பிறந்தவர். சொந்த ஊர்ப் பேச்சை ஆராய்ந்துதான் முனைவர் பட்டம் வாங்கினார். 1999 முதல் 2001 வரை நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த சோனி கெராஃபும் லமலேராக்காரர். மிஷனரிகள் காலத்திலிருந்தே அந்த ஊர் பிள்ளைகளைப் படிக்க அனுப்பிவருகிறது. இரண்டு நாள் தங்கிவிட்டு, கூரையைப் பார்த்து ஊரை எடைபோடுகிற பழக்கத்தை முதலில் விடுங்கள்.

திமிங்கலத்தைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. உலகக் கடல்களில் ஸ்பெர்ம் திமிங்கலத்தை அழித்தவை தொழிற்சாலைக் கப்பல்கள். லமலேராக்காரர்களுக்குச் சில வருஷம் இருபதுக்கு மேல் கிடைக்கும், சில வருஷம் கைவிரலுக்குள் அடங்கிவிடும். நீலத் திமிங்கலத்தைத் தொடவே மாட்டார்கள், முன்னோரைக் காப்பாற்றியது என்று நம்புகிறார்கள். உங்களால் ஏற்கமுடியாவிட்டால் ஏற்கவேண்டாம். சுற்றுலாவும் வரட்டும், நாலு வீட்டில் நாலு அறை வாடகைக்குப் போகும். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

எனக்கு வேறொரு கேள்வி. சனிக்கிழமை அங்கே இருந்தீர்களா? வுலண்டோனிச் சந்தைக்குப் போனீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எல்லோரும் இப்படித்தான். ஈட்டி எறியும் லமாஃபா காற்றில் பாயும் படத்தை உலகமே பார்த்திருக்கிறது. அந்த இறைச்சி கரைக்கு வந்தபின் என்ன ஆகிறது என்று கேட்க ஆளில்லை.

நான் கேட்டேன். கேட்டுவிட்டு அந்தப் பெண்கள் பின்னால் நடந்தேன். கரையோரச் சந்தை அது. லமலேராப் பெண்கள் ஒரு பக்கம்: திமிங்கலக் கருவாட்டுத் துண்டுகள், மீன், உப்பு. மலையிலிருந்து இறங்கியவர்கள் மறுபக்கம்: மக்காச்சோளம், வாழைப்பழம், கிழங்கு. சந்தைக்காரர் கட்டணம் வசூலித்து விசில் ஊதும்வரை ஒருத்தியும் கை நீட்டக்கூடாது. விசில் கேட்டதும் கூட்டம் மொத்தமாக எழுந்தது. மலைக்காரக் கிழவி ஒருத்தி ஒரு துண்டை எடுத்தாள், வளைத்துப் பார்த்தாள், முகர்ந்தாள், திருப்பி வைத்தாள். கொழுப்புச் சொட்டி மஞ்சளேறியிருந்த இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டாள். பிறகு கதிர்களை ஆறு ஆறாக எண்ணி அடுக்கினாள். சத்தம் இல்லை, பேரம் இல்லை. இத்தனைக்கு இத்தனை என்று இரண்டு பக்கமும் தெரியும். கருவாட்டுக் கூடை சுமந்த பெண்கள் வளர்த்த பிள்ளை நான், அந்தக் கிழவியின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

லமலேரா பாறை. அங்கே சோறு விளையாது. மலையில் சோளம் உண்டு, மீன் கிடையாது. இரண்டுக்கும் நடுவே இருப்பது இந்தப் பெண்களின் தலைச்சுமை மட்டும்தான். ஒரு திமிங்கலத்தை அறுத்தால் படகுக் குலத்துக்கு இந்தப் பகுதி, ஈட்டிக்காரருக்கு இது, படகு கட்டிய தச்சருக்கு இது, கொல்லருக்கு இது என்று பங்கு உண்டு. விதவைகளுக்கும் வயதானவர்களுக்கும் போய்ச்சேரும். பங்கு வாங்கிய ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் அதைக் காயவைத்து மாதக்கணக்கில் சோளமாக்குகிறாள். ஊர் பிழைத்துக் கிடப்பது இதனால்.

1973இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு நார்வேக்காரத் திமிங்கல வேட்டை நிபுணர் ஒருவரை அங்கே அனுப்பியது. நவீனக் கருவியோடு வேட்டையைப் பெருக்கிக் கொடுக்கும் திட்டம். சில வருஷங்களில் கைவிட்டார்கள். உபகாரம் செய்ய வருகிறவர்களின் கண் எப்போதும் படகில்தான் போய் நிற்கிறது. இப்போது உங்கள் கண்ணும்.

சரி, எஞ்சினுக்கு வருகிறேன். ஊரில் எஞ்சின் இல்லாமல் இல்லை. ‘ஜோன்சன்’ என்று அவர்கள் சொல்லும் சிறிய எஞ்சின் படகுகள் கரை நெடுகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பனையோலைப் பாய் விரித்த பெலெடாங் படகுகளை இன்று கடலுக்கு இழுத்துப்போவதே அவைதான். அதில் எனக்கு வருத்தமில்லை. யாரும் யாருக்காகவும் துடுப்புப் போட்டுச் சாகவேண்டியதில்லை. ஆனால் எஞ்சின் பெட்ரோல் குடிக்கும். பெட்ரோல்காரன் சோளக்கதிர் வாங்கமாட்டான், ரூபியா கேட்பான். ரூபியா வேண்டுமென்றால் மீன் லெவோலேபாவுக்குப் போகவேண்டும், அங்கே காசுள்ளவன் வாங்குவான். மலைக்காரக் கிழவியிடம் காசில்லை. அவள் சனிக்கிழமை கதிரோடு இறங்கிவந்து, எதிர்ப்பக்கம் ஆள் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். நாலு வாரம் திரும்பினால் ஐந்தாம் வாரம் வரமாட்டாள். அப்புறம் லமலேராக்காரி அரிசியைக் காசு கொடுத்து வாங்கவேண்டும். அந்தக் காசுக்கு இன்னும் கொஞ்சம் மீன் லெவோலேபாவுக்குப் போகவேண்டும். நைலான் வலையும் இப்படித்தான் வந்தது. ஈட்டியில் கிடைத்தது ஊருக்குப் பங்கு, வலையில் விழுந்தது வலைக்காரருக்கு. எஞ்சினைப் பரிசளிப்பது உங்களுக்குச் சுலபம். அதற்குத் தீனி போடப்போவது அந்த அம்மா.

அவளுக்கு ஏற்கெனவே ஒரு ரூபியாச் செலவு இருக்கிறது. மேல்படிப்புக்குப் பிள்ளைகள் ஊரைவிட்டு லெவோலேபாவுக்கோ லாரந்துகாவுக்கோ போகவேண்டும். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பள்ளிக்கும் கருவாடு கொடுத்துத் தீர்க்கமுடியாது. அவள் கணவர் சபாவில் பனைக்குலை வெட்டுவது பெரும்பாலும் இதற்காகத்தான் இருக்கும், விசாரித்தீர்களா? கிழக்கு ஃப்ளோரஸிலும் லெம்பாட்டாவிலும் மலேசியாவுக்குப் போன புருஷனுக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்! உங்கள் நண்பர்களிடம் இருக்கும் பணத்தை இரண்டு பெண் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குக் கட்டுங்கள். பள்ளி முடியும்வரை கட்டுங்கள். நடுவில் அலுத்துப்போய் நிறுத்துவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம். வீட்டுக்காரரை ஊருக்குத் திரும்பவைப்பதும் கடலுக்கு அனுப்புவதும் அவர்கள் பாடு. பிள்ளைகள் படித்து ஜகார்த்தாவுக்குப் போய்விடுவார்களே என்று உங்களுக்குக் கவலை வரலாம். போகட்டும். கோரிஸ் கெராஃப் போகவில்லையா? வெளியே போகிறவர்களால் அந்த ஊர் காலியானதில்லை. மே முதல் தேதி கடற்கரையில் பூசை வைத்து வேட்டைப் பருவத்தைத் தொடங்குகிறார்களே, அன்றைக்குப் போய்ப் பாருங்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று.

எனக்குப் பயம் சந்தையைப் பற்றித்தான். அடுத்த முறை போகும்போது வெள்ளிக்கிழமையே போய்ச் சேருங்கள். கேமராவைப் பையில் வைத்துவிட்டு அந்த அம்மாவின் கூடையை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வுலண்டோனிவரை நடங்கள். மலையிலிருந்து இறங்குகிறவர்களில் இளம்பெண்கள் இருக்கிறார்களா, கிழவிகள் மட்டும்தானா? நான் போனபோது இரண்டும் கலந்திருந்தது. இப்போது எப்படி என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா