நூலக டேட்டாபேஸில் தேடினால் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வருகின்றன, இல்லாவிட்டால் ஒன்றுமே வருவதில்லை. ஆய்வுக் கட்டுரைக்கு எப்படித் தேடுவது?

கூகுளில் கேட்கிற மாதிரியே இங்கேயும் முழு வாக்கியமாகத் தட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 'தூக்கமின்மை மாணவர்களின் நினைவாற்றலை எப்படிப் பாதிக்கிறது' என்றால், பல தளங்கள் அதில் உள்ள எல்லாச் சொற்களும் இருக்கும் கட்டுரையைத் தேடிக்கொண்டிருக்கும். தூக்கமின்மை, மாணவர், நினைவாற்றல் என்று மூன்றாக உடையுங்கள். (தட்டுவது ஆங்கிலத்தில்தான், புரிவதற்காக இப்படிச் சொல்கிறேன்.) ஒவ்வொன்றுக்கும் உள்ள மாற்றுச் சொற்களை 'ஆர்' (OR) போட்டு அடைப்புக்குறிக்குள் வைத்து, மூன்று அடைப்புகளையும் 'ஆண்ட்' (AND) போட்டு இணையுங்கள். ஒரு சொல் வரும் கட்டுரைகளை விலக்கும் 'நாட்' (NOT) பக்கம் அதிகம் போக வேண்டாம், வேண்டிய கட்டுரையையும் சேர்த்துத் தள்ளிவிடும்.

இதைவிடப் பெரிய விஷயம் பொருள் தலைப்புகள், அதாவது கட்டுரை எதைப் பற்றியது என்று டேட்டாபேஸ் கொடுக்கும் நிலையான பெயர்கள். பலரும் கண்டுகொள்வதே இல்லை. மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட் டேட்டாபேஸில் 'மெஷ்' என்றொரு சொற்பட்டியல் உண்டு. ஆசிரியர் 'ஹார்ட் அட்டாக்' என்று எழுதியிருந்தாலும் அந்தக் கட்டுரை 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்ற தலைப்பின் கீழ்தான் வகைப்படும். கல்வித் துறைக்கான எரிக் (ERIC) டேட்டாபேஸிலும் இப்படித் தனிப் பட்டியல் இருக்கிறது. அதனால் ஒரே ஒரு நல்ல கட்டுரை சிக்கும்வரை நான் தோராயமாகத்தான் தேடுவேன். சிக்கியதும் அதன் பதிவில் என்னென்ன தலைப்புகள் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அவற்றையே போட்டு மறுபடி தேடுவேன். முதல் தேடலில் தலைகாட்டாத கட்டுரைகள் அப்போது வரும்.

அப்புறம் அந்தக் கட்டுரையையே பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் போகலாம். அதன் மேற்கோள் பட்டியல் பழைய ஆய்வுகளைக் காட்டும். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மேற்கோள் டேட்டாபேஸ்கள் இரண்டும் அதைப் பின்னாளில் மேற்கோள் காட்டியவர்களைக் காட்டும். யூஜின் கார்ஃபீல்ட் 1964இல் அச்சில் கொண்டுவந்த அறிவியல் மேற்கோள் அட்டவணையின் வாரிசுதான் வெப் ஆஃப் சயின்ஸ். ஆனால் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். மறுப்பதற்காகவும் மேற்கோள் காட்டுவார்கள்.

இதழ்களின் பழைய வெளியீடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஜேஸ்டோர் (JSTOR) தளத்தை மட்டும் நம்பினால் புதிய ஆய்வுகள் விட்டுப்போகும். அதில் பல இதழ்களின் கடைசி மூன்று முதல் ஐந்து ஆண்டு வெளியீடுகள் இருக்காது. 'முழு உரை மட்டும்' என்ற பெட்டியையும் டிக் செய்யாதீர்கள். அங்கே இல்லாத கட்டுரை உங்கள் நூலகத்தின் வேறொரு சந்தாவில் இருக்கலாம். அதுவும் இல்லையா, வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தர முடியுமா என்று நூலகரிடம் கேளுங்கள்.